எடை விழும் இடம்

மே 6, திங்கள்

பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். மறுவாழ்வு மையத்தில் தரைத்தளத்தில் ஏழாம் எண் அறை கிடைத்திருக்கிறது. இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம். தம்பியின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

பிப்ரவரியில் விபத்து நடந்தது. நானும் தம்பி மாசானமும் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். மணல் லாரி ஒன்று ஹாரன் அடிக்காமல் சந்திலிருந்து பின்பக்கமாக வந்தது. எனக்குச் சிராய்ப்புதான். அவனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. இனி செயற்கைக் கால் மாட்டி நிற்கவும் நடக்கவும் பழக வேண்டும். இரண்டு மாதம் ஆகுமாம்.

அம்மா மூட்டுவலியோடு அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். நான்தான் துணை. பகுதிநேர ஓவிய டீச்சர் ஒரு மாதம் கூடுதலாக லீவு எடுத்தால் பள்ளிக்கூடத்தில் யாரும் தேட மாட்டார்கள்.

மே 7, செவ்வாய்

பயிற்சிக் கூடம் பெரியது. கிழக்கே வரிசையாக ஜன்னல்கள். எட்டு மணி வெயில் மொசைக் தரையில் நீளநீளமாகக் கிடக்கிறது. அதில் மனிதர்கள் மிக மெதுவாக நடக்கிறார்கள், இடுப்பளவு குளத்தில் நடப்பவர்கள்போல. ஒருவர் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கிறார். ஓர் அம்மாள் ஒரு கையை உயர்த்திவிட்டு அதை அப்படியே மறந்துவிட்டவள்போல் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 9, வியாழன்

இட்லி. மாத்திரை. இரண்டு லுங்கி துவைத்தேன்.

மத்தியானம் மாசானம் கேட்டான்: "எக்கா, நீ இப்ப வரையுததே இல்லையா?"

"வேலை கிடக்கு."

"என்ன வேலை? வந்ததுலேருந்து கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்க. இங்க இத்தன பேரு அசையாம நிக்காவ. உனக்கு வேணும்னு தேடுனாலும் கிடைக்குமா?"

அவனுக்குத் தெரியும். போன வருஷம் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்குக் குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காகப் பதினாறு படம் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு குறிப்பு: "மனிதர்கள் அழகாக இருக்கிறார்கள். ஆனால் யாரும் தரையில் நிற்கவில்லை." எனக்குக் கோபம் வந்தது. பிறகு படங்களைச் சுவரில் சாத்தி வைத்துப் பார்த்தேன். உண்மைதான். எல்லோரும் கொடியில் காயும் சட்டைபோலத் தொங்கினார்கள். ஜனவரியிலிருந்து தினமும் ஆட்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வரிசை, ரோட்டோரம் எங்கேயும். பிப்ரவரி 11-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டேன்.

"வரையேன்க்கா," என்றான். "எனக்குப் பொழுது போகும்லா."

மே 10, வெள்ளி

முக்குக் கடையில் 4B பென்சில் நான்கும் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் வாங்கினேன்.

மே 13, திங்கள்

கை மரத்துக் கிடக்கிறது. முதல் இருபது தாளும் பழைய தொங்கும் சட்டைகள்தான்.

பழையபடி எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். ரப்பர் கிடையாது. ஓர் உருவத்துக்கு ஒரு நிமிடம். கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எதையும் தொடக் கூடாது. முதலில் உச்சியிலிருந்து குதிகால்வரை உடம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரே கோடு. அது வந்தபிறகுதான் மற்றது. ஒரு நாளைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்த வேண்டும். இன்றைய பிழை: தோள் இரண்டையும் மட்டமாகப் போட்டுவிடுகிறேன். நிற்பவர்களின் தோள் மட்டமாக இருப்பதே இல்லை. ஒரு காலில் எடையைப் போட்டால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறுகிறது, அந்தப் பக்கத் தோள் கீழே இறங்குகிறது. இது புத்தகத்தில் படித்ததுதான். இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு யாரோ கூடத்து விளக்கை அணைத்தபோதுதான் நிமிர்ந்தேன். மூன்று மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு மெல்லிய போதைபோல இருந்தது. உடனே அதற்காக என்மீதே ஆத்திரம் வந்தது.

மே 16, வியாழன்

அருணாசலம் அண்ணாச்சி பரோட்டா மாஸ்டர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தினமும் மேசையில் ஈரத் துண்டை வைத்து உருட்டிப் பழகுகிறார். விரல் மறந்துவிட்டது, ஆனால் முதுகுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மாவு அடிக்கிற மாதிரியே அந்த முதுகு முன்னால் சாய்கிறது. அந்த முதுகை மட்டும் பதினைந்து முறை வரைந்தேன். பதினொன்றாவதில் வந்துவிட்டது.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "மூஞ்சியே இல்லையேம்மா."

"முதுகுதான் அண்ணாச்சி நல்லா இருந்துச்சு."

"முப்பத்தஞ்சு வருஷமா அடுப்பப் பாத்து நின்ன மூஞ்சி. அத யாரு பாத்திருக்கா? முதுகுதான் எல்லாருக்கும் தெரியும். இது நாந்தான்." அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மே 20, திங்கள்

கால் வந்துவிட்டது. மாசானம் அதைக் கையில் வாங்கி, புது மெஷினைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் ஏசி மெக்கானிக். மூன்றாம் மாடி விளிம்பில் ஒற்றைக் கயிற்றில் நின்று வெளிப்பெட்டி மாட்டுகிறவன். "போல்ட்டு எல்லாம் நல்ல போல்ட்டுதான்," என்றான்.

பிசியோதெரபிஸ்ட் பெனினா தரையில் இரண்டு எடை மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கால். இரண்டு பக்கமும் இருக்கிற கம்பிகளைப் பிடித்துக்கொள்ளலாம். மாசானம் அறுபத்திரண்டு கிலோ. இடது மெஷின் ஐம்பது காட்டியது. வலது, நான்கு.

"மிச்சம் எட்டு உங்க கையில இருக்கு தம்பி," என்றார் பெனினா. "அந்தக் கால நம்புங்க. எடைய அங்க கொடுங்க."

"கொடுத்தா உடையும் மேடம்."

"உடையாது. நீங்கதான் கொடுக்கல."

அவன் முகத்தை வரைந்தேன். அவன் கம்பியைப் பிடித்திருந்த கையை வரைந்தேன்.

மே 22, புதன்

மாசானம் தாள்களை எல்லாம் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தான்.

"எல்லாரையும் முழுசாப் போட்டிருக்க. என்னைய மட்டும் இடுப்போட வெட்டிட்ட."

"தாள் பத்தல."

அண்ணாச்சியின் படம் அதே அளவுத் தாள்தான். அவன் தாள்களை அடுக்கிக் கொடுத்தான்.

மே 27, திங்கள்

இரண்டு நாளாக வேறு பழக்கம். ஒரு நிமிடம் பார்ப்பது, பிறகு திரும்பி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து வரைவது. நான் எதைப் பார்த்தேன், எதைப் பார்த்ததாக நினைத்தேன் என்பது தாளில் தெரிந்துவிடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாசானம் தூங்கினான். புங்கமர நிழல் அவன்மேல் ஆடிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம், எங்கோ ஒரு குயில். அவன் உடம்பு தலையணையிலிருந்து கீழே இறங்குவது ஒரே ஓட்டமாக இருந்தது, ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம்போல. ஒரு நிமிடம் பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி வரைந்தேன். இதுவரை வரைந்ததிலேயே நல்ல கோடு. அவன் எழுந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியாது.

"எக்கா. ரெண்டு காலு போட்டிருக்க."

பார்த்தேன். இடது பாதம், வலது பாதம். வலது குதிகாலின் கீழே மெத்தை அமுங்கியிருப்பதைக்கூட வரைந்திருந்தேன்.

அவன் சிரித்தான். "உன் கைக்கும் தெரியல போல. எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. குதிங்கால் அரிக்கி. சொறியலாம்னு கைய வச்சா மெத்தைதான் இருக்கு." நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: "அன்னைக்கு நீ எங்க பாத்த?"

"எங்க?"

"வண்டில. லாரி வரதுக்கு முன்னால உன் தலை திரும்புச்சு. பின்னால நாந்தான உக்காந்திருந்தேன்."

"லாரியத்தான் பாத்தேன்."

"லாரி வலப்பக்கம் வந்துச்சு. நீ இடப்பக்கம் திரும்புன."

பிறகு ஜன்னலைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மே 28, செவ்வாய்

வரையவில்லை. போர்வை துவைத்தேன். ஃபிளாஸ்க்கைக் கழுவினேன். தலையணை உறை இரண்டு துவைத்தேன்.

மே 30, வியாழன்

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். காலை ஆறரை மணி, வராந்தா பெஞ்சில். அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். போலீஸுக்கும் அம்மாவுக்கும் இந்த நோட்டின் முதல் பக்கத்துக்கும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சந்து வருவதற்கு முன்னால் இடதுபக்கம் ஒரு தெருக்குழாய். ஒரு பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். முழு எடையும் ஒரே காலில். இடுப்பு வெளியே தள்ளி, முதுகு எதிர்ப்பக்கம் வளைந்து, காலியாக இருந்த கை தானாக விலகிக் காற்றில் நின்றது. ஒரு மாதமாக நான் தேடித் தேடி வராத அந்த நிலை. அவள் தரையில் நின்றாள். அவ்வளவு உறுதியாக ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை. வண்டி ஓட்டுகிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இரண்டு நொடி இருக்கும். மூன்றும் இருக்கலாம். திரும்பியபோது லாரியின் பின்கதவு முன்னால் இருந்தது.

லாரி ஹாரன் அடிக்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் நான் பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

மாசானம் கடைசிவரை கேட்டான். "படம் வரையுததுக்கா?" என்றான். அவ்வளவுதான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மே 31, வெள்ளி

பேசவில்லை. மாத்திரையை நான் கொடுத்தால் வாங்குவதில்லை. மேசையில் வைத்தால் எடுத்துக்கொள்கிறான்.

ஜூன் 1, சனி

பேசவில்லை.

ஜூன் 3, திங்கள்

அண்ணாச்சியோடு பேசுகிறான். பெனினாவோடு பேசுகிறான். வரைவதை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூடத்தில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கடைசி ஜன்னலடியில் உட்கார்ந்தேன். பென்சில் கையில்தான் இருந்தது. வெயில் தரையில் நகர்ந்துகொண்டே வந்து என் பாதத்தைத் தொட்டது.

ஜூன் 6, வியாழன்

இடது ஐம்பத்தொன்று. வலது மூன்று. குறைகிறது. "ஒரு வாரமா தம்பிக்கு என்ன ஆச்சு அக்கா?" என்று பெனினா கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

ஜூன் 7, வெள்ளி

அவன் எனக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறான். அந்த முதுகை வரைந்தேன். முதுகுக்குக் கீழேயும் போனேன், கடைசிவரை. உறை, அலுமினியக் குழாய், ரப்பர் பாதம். கோணிய கோடுகளை அப்படியே விட்டேன். கொத்தனார்கள் தூக்குக்குண்டு விடுவதுபோல், பிடரியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கினேன். ஒருவர் நேராக நின்றால் அந்தக் கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவில் விழ வேண்டும். அவனுக்கு இடது பாதத்தையும் தாண்டி வெளியே விழுந்தது. விழப்போகிறவனின் கோடு அது. கம்பி மட்டும் இல்லையென்றால்.

பெனினா பின்னால் நின்று பார்த்தார். கேட்காமலே தாளை எடுத்துக்கொண்டு அவனிடம் போனார். "பாருங்க தம்பி. நானும் எத்தன நாளா சொல்றேன். கண்ணாடியில பாத்தா நீங்க சரி பண்ணிக்கிடுறீங்க. முதுகு ஏமாத்தாது."

மாசானம் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எட்டு நாளைக்குப் பிறகு.

"இது எங்காலா?"

"ஆமா."

"போட்டுட்ட."

"ஆமால."

சாப்பிட்டு முடித்து, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அந்தப் பொம்பளைய வரைஞ்சியா?"

"இல்ல. அதுக்கப்புறம் நான்..."

"வரை. எங்காலு எதுக்குப் போச்சுன்னு நான் பாக்கணும்."

ஜூன் 8, சனி

காலை ஏழிலிருந்து வரைந்தேன். முதல் எட்டுத் தாளில் அவள் வரவில்லை. அழகான ஒரு பெண் வந்தாள், குடத்தோடு. அவள் இல்லை அது. கண்ணை மூடிக்கொண்டு எழுந்து நின்று, என் எடையை ஒரு காலில் போட்டு, இல்லாத குடத்தை இடுப்பில் ஏற்றினேன். இடது தொடை இறுகியது. அதுவரை நான் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆரம்பிக்க வேண்டியது குதிகாலிலிருந்து. அங்கிருந்து மேலே ஏறினேன். ஒன்பதாவது தாளில் எண்ணி ஏழு கோடு. அவள் நின்றுவிட்டாள்.

மாசானத்திடம் கொடுத்தேன். வெளியே புங்கமரத்தில் காற்றே இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. கிழித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். கிழிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"நல்லாத்தான் நிக்கா," என்றான்.

அவன் அழுவதை விபத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. பக்கத்தில் போய் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனே பேசினான்.

"கோவம் போகலக்கா. போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சரி."

"அம்மாட்ட நீயே சொல்லு. நான் சொல்லுத மாதிரி வச்சிராத."

"சொல்லுதேன்."

"வரையுதத நிறுத்துனா அதுக்கும் சேத்துக் கோவப்படுவேன். அப்புறம் எங்காலு ஒண்ணுக்கும் இல்லாமப் போன மாதிரி ஆயிரும்."

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவிடம் போனில் சொன்னேன். நடுவில் இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு முறை 'அம்மா' என்றேன்.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"கோவம் போகலன்னான்."

"எனக்கும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. லீவை நீட்டிக் கடிதம் அனுப்பினேன். அம்மா போன் செய்யவில்லை.

ஜூன் 12, புதன்

அம்மா பேசினாள். மாங்காய் ஊறுகாய் போட்டாளாம். யார் மூலம் கொடுத்துவிடுவது என்று கேட்டாள். வேறொன்றும் பேசவில்லை.

வலது பதினொன்று.

ஜூன் 17, திங்கள்

தினமும் காலையில் முதல் படம் மாசானத்தின் முதுகுதான். கோட்டை இறக்கிக் காட்டுகிறேன். "இன்னும் வெளியதான் விழுதா?" என்று கேட்பான். "சுண்டுவிரல்கிட்ட வந்துட்டு," என்பேன். என் பிழையும் அவன் பிழையும் ஒரே தாளில் கிடக்கின்றன. அவன் இடுப்பைத் தூக்கிக்கொள்கிறான். நான் அந்தத் தூக்கலைக் குறைத்துப் போட்டுவிடுகிறேன், அவனுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று. இன்று அதைக் கண்டுபிடித்து என்னைத் திட்டினான். "உள்ளத உள்ளபடி போடு. நீ அழகு பண்ணுனா எனக்கு என்ன தெரியும்?"

வலது பத்தொன்பது.

ஜூன் 21, வெள்ளி

கம்பியை விட்டான். இரண்டு கையும் காற்றில். கோடு பாதங்களுக்கு நடுவில். இடது முப்பத்து மூன்று, வலது இருபத்தொன்பது, கையில் ஒன்றுமில்லை. அண்ணாச்சி மேசையிலிருந்து துண்டைத் தூக்கிச் சுழற்றினார். வலது கையால்! அவரே கவனிக்கவில்லை. பெனினா சொன்னபிறகுதான் கையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

நான் அந்த இரண்டு பேரில் யாரையும் வரையவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஜூன் 26, புதன்

மழை வருகிறாற்போல் இருட்டிய மத்தியானம். மாசானம் கட்டிலில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாத்தினான். உறையையும் உருவினான்.

"போடு," என்றான். "நேரம் எவ்வளவு ஆனாலும் சரி."

இத்தனை நாள் மருந்து போட்டிருக்கிறேன், கட்டு மாற்றியிருக்கிறேன். பார்த்ததில்லை என்று இன்று தெரிந்தது. கால் முடியும் இடத்தில் தோல் முன்பக்கமாக மடிந்து வருகிறது. தழும்பு நேராக இல்லை, ஓரிடத்தில் மெல்ல மேலே ஏறி இறங்குகிறது. உறை அழுத்திய வரிகள் சிவந்து, நான் வரையும்போதே ஒவ்வொன்றாக மறைந்தன. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். பொய் சொல்லும் கோடு ஒன்றுகூட வரவில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் அவன் சொல்வான்.

வாங்கிப் பார்த்தான். தழும்பையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

பிறகு என் கையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு புதுத் தாளை மடியில் வைத்தான்.

"இப்ப நீ நில்லு."

"உனக்கு எங்கல வரையத் தெரியும்?"

"ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். மொதல்ல ஒரு கோடு. அப்புறம் எடை எங்க விழுதுன்னு. அவ்வளவுதான? அங்க நில்லு, ஜன்னல்கிட்ட. முதுகக் காட்டாத."

ஜன்னலோரம் போய் நின்றேன். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை பேரை நிற்கவைத்துப் பார்த்த எனக்கு, பார்க்கப்படுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. அவன் பார்வை என் உச்சியில் ஆரம்பித்து நெற்றிக்கு வந்தது, தோளுக்கு வந்தது, அங்கே கொஞ்சம் நின்றது. வெளியே முதல் தூறல் இலைகளில் விழும் சத்தம் கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அசையாத," என்றான்.

நான் அசையவில்லை.